தைத்து முடித்தால் போதுமா?

கடைசித் தையலைப் போட்டு, முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தவுடன் (சிஸ்டர் பார்க்காத நேரத்தில்தான்!) "அப்பாடா, முடிந்தது" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். முடியவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. தைத்த பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைக்கும் வரை அது முடிந்த வேலை ஆகாது.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது துண்டுத் துணிகளை இணைத்து, அடியில் ஒரு துணியும் நடுவில் பஞ்சோ பழந்துணியோ வைத்து, மேலே தையலோட்டித் தைக்கும் போர்வைகளைப் பற்றி. ஆங்கிலத்தில் இதைக் 'குவில்ட்' என்பார்கள். கைக்குட்டைக்கும் தலையணை உறைக்கும் இது பொருந்தும்தான். ஆனால் கைக்குட்டை ஒரு வாரத்து வேலை. போர்வையோ ஓர் ஆண்டையே விழுங்கிவிட்டு, இன்னும் ஓரம் மடித்துத் தைக்கவில்லை என்று நிற்கும்.

அன்புத் தோழியரே, நம்முடைய விஞ்ஞான ரெக்கார்டு நோட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று எவ்வளவு அழகாக எழுதுகிறோம்! படம் பென்சிலால்தான் வரைய வேண்டும், கோடு ஸ்கேல் வைத்துத்தான் போட வேண்டும். அந்தச் சோதனையைத் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் செய்தாலும் ஒரே விடைதான் வரப்போகிறது. அதற்கு ஒரு நோட்டு, அதற்கு அட்டை, அதற்கு ஆசிரியரின் கையெழுத்து. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஒரு போர்வைக்கு, அதைப் போல் இன்னொன்று இனி யாராலும் தைக்க முடியாத ஒரு போர்வைக்கு, நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. தையல் வகுப்பில் ஆல்பம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதில் நாம் ஒட்டுவது ஓட்டத் தையல், பின் தையல், சங்கிலித் தையல் என்ற மாதிரித் துணிகளை மட்டுமே. முடித்த பொருளுக்கு அதில் இடமில்லை.

எழுதி வைப்பதால் என்ன வந்துவிடும்? இக்கேள்விக்கு விடையாக ஓர் அம்மையாரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு கணவரோடு பயிர் செய்து வாழ்ந்தார். அவர் தைத்த ஒரு போர்வை 1886-இல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. (இது கிரேக்க நாட்டு ஏதென்ஸ் அன்று, ஜார்ஜியாவிலும் அப்பெயரில் ஓர் ஊர் உண்டு.) அதில் பதினொரு கட்டங்கள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், காயின் ஆபேலைக் கொல்வது, யாக்கோபின் கனவு, ஆண்டவரின் ஞானஸ்நானம், யூதாஸும் முப்பது வெள்ளிக்காசும், கடைசி இராவுணவு, சிலுவை மரணம், திருக்குடும்பம் ஆகிய எல்லாவற்றையும் துணியில் வெட்டி ஒட்டித் தைத்திருந்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைக் கண்டு வியந்து விலைக்குக் கேட்டார். என்ன விலை கொடுத்தாலும் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார் ஹேரியட்.

சுமார் நான்கு ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தில் பணமுடை வந்தது. போர்வையைச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மாட்டு வண்டியில் ஆசிரியையின் வீட்டுக்கு வந்தார். கேட்ட விலை பத்து டாலர். கிடைத்தது ஐந்து டாலர். கணவரோடு கலந்து பேசிவிட்டுக் கொடுத்தாராம். பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே பலமுறை அந்த வீட்டுக்கு வந்து போனார் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. போர்வையைக் கொடுக்குமுன் ஹேரியட் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டி, இது இன்னது, இது இன்னது என்று விளக்கினார். அந்த ஆசிரியை அதையெல்லாம் கேட்டுத் தம் கையால் எழுதி வைத்துக்கொண்டார். ஐந்து டாலர் கொடுத்த விஷயத்தில் எனக்கு அவர்மீது வருத்தம்தான். ஆனால் எழுதி வைத்தாரே, அதற்காக மன்னித்துவிடலாம். இன்று அப்போர்வை வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் இல்லாமல் இருந்திருந்தால்? "யாரோ ஒரு பெண் தைத்த பழைய போர்வை" என்று ஒரு சீட்டு தொங்கியிருக்கும். அருங்காட்சியகத்துக்கே வராமல் வண்டிச் சாமானுக்கு மூடுதுணியாகப் போயிருக்கவும் கூடும்.

அவருடைய இரண்டாவது போர்வை பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் பதினைந்து கட்டங்கள். யோனாவும் யோபும் மோயீசனும் இருக்கிறார்கள். அவர்களை நாம் மறைக்கல்வி வகுப்பு படித்ததால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நட்சத்திரங்கள் மழையாய்க் கொட்டுகிற ஒரு கட்டம் இருக்கிறது. அது 1833 நவம்பர் 13 அன்று உண்மையாகவே வானிலிருந்து எரிகற்கள் பொழிந்த இரவு. ஹேரியட் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத் தைத்திருக்கிறார்! இன்னொரு கட்டம் 1780 மே 19 அன்று நடுப்பகலில் இருள் சூழ்ந்த நாளைக் காட்டுகிறது. இவற்றோடு ஒரு பன்றியும் உண்டு. அதன் பெயர் பெட்ஸ். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் ஓடிய பன்றியாம். அவர் வாய்மொழி விளக்கம் எழுத்தில் இல்லையென்றால், நோவாவின் பேழையிலிருந்து தப்பிய பன்றி என்று பெரிய பெரிய அறிஞர்களே கட்டுரை எழுதியிருப்பார்கள்.

இதைவிட வியப்பான செய்தி இனிமேல்தான் வருகிறது. ஹேரியட் பவர்ஸ் எழுத்தறியாதவர் என்றே வெகுகாலம் பலரும் எழுதி வந்தார்கள். ஆனால் அவர் 1896-இல் ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று கிடைத்தது. கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளரின் நூல் மூலம் 2009-இல் அது உலகுக்குத் தெரிந்தது. தாம் சிறுமியாக இருந்தபோதே படிக்கக் கற்றதை அதில் அவர் சொல்கிறார். தாம் தைத்த குறைந்தது நான்கு போர்வைகளைப் பற்றியும் சொல்கிறார். கடைசி இராவுணவைப் பற்றிய ஒரு போர்வையை 1882-இல் செய்ததாகவும், அதில் 2,500 சாய்சதுரத் துண்டுகள் வைத்ததாகவும் குறிப்பிடுகிறார். இன்று நமக்குக் கிடைத்திருப்பவை அவருடைய இரண்டு போர்வைகள் மட்டுமே. மற்றவை என்னவாயின? கிழிந்தனவோ, எரிந்தனவோ! துணி போய்விட்டது, ஒரு கடிதத்தின் நகல் இருக்கிறது. 2,500 துண்டுகளை வெட்டி இணைத்த கைகளின் உழைப்புக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சில வரிகள்தான். 1910-இல் இறந்த அவருடைய கல்லறைகூட இருக்குமிடம் தெரியாமல் போய், 2005-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட இழப்புகளைக் கண்டு விழித்துக்கொண்டார்கள். 1981-இல் கென்டக்கி மாநிலத்தில் சில பெண்கள் சேர்ந்து ஒரு முயற்சி தொடங்கினார்கள். ஊர் ஊராக நாள் குறித்து, "உங்கள் வீட்டுப் பழைய போர்வைகளைக் கொண்டு வாருங்கள்" என்று அழைத்து, தைத்தவர் யார், எந்த ஊர், எப்போது என்று கேட்டு எழுதிப் படமும் எடுத்தார்கள். அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் தொடங்கின. நல்ல காரியம்தான். ஆனால் தைத்தவள் உயிரோடு இருக்கும்போது ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும் வேலையை, அவள் போன பிறகு நூறு பேர் அலைந்து செய்ய வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கலை உண்டு. கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து முற்காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. அவர்கள் பழந்துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்ற போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைப்பது அவர்கள் முறை. மூலைகளில் மடித்த துணியால் சிறு 'பூ' வைக்காவிட்டால் போர்வை நிர்வாணமாக இருப்பதாகச் சொல்வார்களாம். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் சிலுவையும் வைத்துத் தைக்கிறார்கள். அந்த மூலைப் பூவைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மாச்சியின் முடிச்சு நினைவுக்கு வந்தது.

எங்கள் அம்மாச்சி பழஞ்சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கிப் போர்வை தைப்பார்கள். மகள்களுக்குப் பேறுகாலம் என்றால் ஒன்று, பேரப்பிள்ளைகள் படுக்க ஒன்று, அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டால் ஒன்று. அம்மாச்சிக்கு எண்ணத் தெரியும், எழுதத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் சிவப்பு நூலால் சிறு சிறு முடிச்சுப் போட்டு வைத்தார்கள். முதல் போர்வைக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு. சென்ற ஆண்டு அவர்கள் இறந்த பிறகு எங்கள் வீட்டிலும் சித்தி வீட்டிலும் தேடியதில் ஐந்து போர்வைகள் கிடைத்தன. நான்கு முடிச்சு, ஒன்பது, பதினொன்று, பதினேழு, இருபத்து மூன்று. அப்படியானால் குறைந்தது இருபத்து மூன்று தைத்திருக்கிறார்கள். அந்தப் பதினெட்டும் யார் யாரை மூடின, எங்கே போயின என்று சொல்ல ஆள் இல்லை.

பதினேழு முடிச்சுப் போர்வையின் நடுவில் பச்சைக் கரையிட்ட சந்தன நிறத் துணி ஒன்று இருக்கிறது. அது தன்னுடைய ஞானஸ்நானத்தன்று அம்மாச்சி கட்டியிருந்த சேலை என்கிறார்கள் அம்மா. இல்லவே இல்லை, அது தாத்தாவின் தங்கை சாகும்போது உடுத்தியிருந்தது என்கிறார்கள் சித்தி. இருவரும் உறுதியாக நிற்கிறார்கள். அம்மா அந்தத் துணியைத் தடவும்போது முகம் மலர்கிறது. சித்தி அதைத் தொடுவதே இல்லை. ஒரே ஒரு வரி எங்காவது எழுதப்பட்டிருந்தால் இருவருக்கும் விடை கிடைத்திருக்கும். எழுதத் தெரியாத அம்மாச்சியே தன்னால் முடிந்ததை முடிச்சாகப் போட்டு வைத்தார்கள் என்றால், பத்து ஆண்டு கான்வென்டில் படித்த நாம் என்ன செய்ய வேண்டும்?

என் கருத்துக்கு மறுப்புகளும் உண்டு. இதை நான் சிஸ்டர் ஒருவரிடம் சொன்னபோது அவர்கள் சிரித்துக்கொண்டே, "பீடத் துணி தைக்கிற நாங்கள் அதில் பேர் போடுகிறோமா, பிள்ளை? மறைவாகச் செய்வதுதான் அழகு" என்றார்கள். சிஸ்டர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பாராட்டுக்காகப் பெயர் பொறிப்பது நமக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதற்கு விரோதம்தான். இருந்தாலும் பணிவோடு ஒன்று கேட்கிறேன். நம் பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், ஞானத்தாய் ஞானத்தந்தை பெயர், தேதி, குருவானவர் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. திருமணத்துக்குத் தனிப் பதிவேடு, சாட்சிகளின் கையெழுத்தோடு. இதை யாரும் தற்பெருமை என்று சொல்வதில்லையே! பதிவேடு பொறுப்புக்காக வைக்கப்படுகிறது. பெருமைக்கு அங்கே வேலையில்லை. நான் கேட்பதும் அத்தகைய ஒரு பதிவேட்டைத்தான். பீடத் துணியின்மேல் பெயர் வேண்டாம். அலமாரியில் இருக்கும் நோட்டில் இருக்கட்டும்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு நம் வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து பன்னிரண்டு போர்வைகள் தைத்து முதியோர் இல்லத்தில் கொடுத்தோம் அல்லவா? அங்கே ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "இது யாரு தச்சது, தாயி?" என்று கேட்டார்கள். "கான்வென்ட் பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து தச்சோம், பாட்டி" என்றேன். "அது தெரியுது. எந்தப் பிள்ளை? பேரச் சொன்னா செபமாலையில சொல்லுவேன்ல" என்றார்கள். எந்த நான்கு பேர் தைத்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பணிவைப் பற்றி நான் மிகவும் யோசித்தது அன்றைக்குத்தான். பெயரைக் கேட்டது அந்தப் பாட்டி. அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது.

பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வு இருக்க இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரே பதில்: ஒரு பக்கம் எழுதப் பத்து நிமிடம் போதும். போர்வைக்கு ஆன மணிகளோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

செல்போனில் படம் எடுத்தால் போதாதா என்பவர்கள்தான் இப்போது அதிகம். எடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படத்தில் போர்வையின் முகம் தெரியும். பிறந்த கதை தெரியாது. அந்த நீலத் துண்டு யாருடைய பாவாடை என்று எந்தக் காமிராவும் சொல்லாது. போன் மாறினால் பழைய படம் எங்கே என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

அப்பக்கத்தில் என்ன எழுதலாம்? தொடங்கிய தேதியும் முடித்த தேதியும் வேண்டும். நீள அகலம், எந்த மாதிரி, எந்தத் தையல், உள்ளே என்ன வைத்தது, சலவைக்குப் போட்டால் சாயம் போகுமா என்பவை வேண்டும். பயன்படுத்திய துணிகளில் விரல் அகலத் துண்டு ஒவ்வொன்றையும் குண்டூசியால் குத்தாமல் இரண்டு தையல் போட்டுப் பக்கத்தில் இணைக்க வேண்டும், குண்டூசி துருப்பிடிக்கும். தைத்த எல்லாருடைய பெயரும், ஊசியில் நூல் மட்டும் கோத்துக் கொடுத்தவள் உட்பட. யாருக்காகத் தைத்தது என்பதும் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒவ்வொரு துணியும் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். எந்த இடத்தில் கோணலாகப் போயிற்று, எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதினால் அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவும்.

போர்வையிலேயே ஓர் அடையாளம் இருப்பதும் நல்லது. முற்காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைப் பாலால் துணி மூலையில் குறி வைப்பார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. துணி எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று அக்குறி சொன்னது. தைத்தவள் யார் என்று சொல்லும் குறிதான் எவரும் வைக்கவில்லை. (சேங்கொட்டை தோலில் பட்டால் கொப்புளம் வரும், நாம் அதைத் தேடிப் போக வேண்டாம்.) மையால் எழுதுவதிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் 1840-களில் தோழியர் ஒவ்வொருவரும் ஒரு துண்டில் கையெழுத்திட்டு இணைக்கும் நட்புப் போர்வைகள் பெருவழக்காக இருந்தன. அக்காலத்து மைகள் சிலவற்றில் இரும்புச் சத்து இருந்ததால், நாளடைவில் எழுதிய இடத்தில் துணி அரித்து, எழுத்திருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சியது. பால்பாயின்ட் பேனா மையோ நாலு சலவையில் மங்கிவிடும். ஒரு சிறு வெள்ளைக் காடாத் துணியில் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் நோட்டிலுள்ள பக்க எண்ணையும் பின் தையலால் தைத்து, போர்வையின் பின்புற மூலையில் வைத்து ஹெம்மிங் செய்துவிட்டால் போதும். பக்க எண் இருந்தால் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த டிசம்பருக்கு எட்டாம் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் முதியோர் இல்லத்துக்குத் தைத்துவரும் போர்வைகள் இன்னும் ஓரம் மடிக்கப்படாமல் தையல் அறையில் இருக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்கலாம். இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும். அட்டை போட்டுத் தர நான் தயார். தையல் அறை அலமாரியில், கத்தரிக்கோல் வைக்கும் தட்டுக்குக் கீழே, அதற்கு இடமும் இருக்கிறது. சாவி மட்டும் சிஸ்டரிடம்தான் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி